தடித்த இதயத் தசையும் மெட்டோபுரோலால் அளவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி 45 வயதுப் பெண். நோய், இதயத் தசை தடித்து ரத்தம் வெளியேறும் பாதையை அடைக்கும் ஹைப்பர்டிராஃபிக் கார்டியோமயோபதி. மருந்து, நாடியையும் சுருக்கத்தின் வேகத்தையும் தணிக்கும் பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்த மெட்டோபுரோலால். பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் சமையல் வேலை. தண்ணீர்க் குடம் தூக்குவதும் மாடிப்படி ஏறுவதும் அன்றாடம் உண்டு. ஒன்றரை ஆண்டாக இரண்டாம் மாடி ஏறினால் மூச்சிரைத்தது. பிறகு முதல் மாடியிலேயே நிற்க வேண்டியதாயிற்று. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் நெஞ்சில் அழுத்தமும் கண் இருட்டலும் வந்தன. மயங்கி விழுந்ததில்லை. குடும்பத்தில் இளம் வயதில் திடீரென இறந்தவர் யாருமில்லை.

ஆறு மாதங்களுக்கு முன் ரத்த அழுத்தம் 150/92 என்று கண்டு அம்லோடிபின் 5 மிகி தொடங்கியிருந்தார்கள். கண் இருட்டல் அதற்குப் பிறகே ஆரம்பித்தது என்பது கேட்டபோதுதான் தெரிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு தொந்தரவு கூடுவதும், ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரைக்குப் பிறகு கண் இருட்டுவதும் ஒரே காரணத்தைக் காட்டின. குழாய்கள் விரிந்து எதிர்ப்பு குறையும்போது இதயத்தின் வெளியேற்றப் பாதையில் அடைப்பு கூடுகிறது.

முதல் பரிசோதனையில் கண்டவை

இடது மார்பெலும்பின் ஓரத்தில் கேட்ட முணுமுணுப்பு ஒலி, எழுந்து நின்றதும் கூடியது, குந்தி உட்கார்ந்ததும் குறைந்தது. ஈசிஜியில் இடது கீழறைத் தடிப்பும் பக்கவாட்டு லீடுகளில் தலைகீழான டி அலைகளும் இருந்தன.

எக்கோவில் இடைச்சுவர் 19 மிமீ, பின்சுவர் 11 மிமீ. வெளியேற்ற விகிதம், அதாவது ஒரு துடிப்பில் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 70 சதவீதம். இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் முன் இதழ் சுருங்குநிலையில் இடைச்சுவரை நோக்கி இழுபட்டு மகாதமனிக்குச் செல்லும் பாதையை அடைத்தது. அதே நேரத்தில் வால்வில் மிதமான கசிவும் இருந்தது. வெளியேற்றப் பாதையில் ரத்தத்தின் வேகம் ஓய்வில் விநாடிக்கு 3 மீட்டர், அதாவது அழுத்த வேறுபாடு 36 மிமீ பாதரசம். மூச்சை அடக்கி முக்கச் சொன்னபோது வேகம் 4.5 மீட்டரானது, அழுத்த வேறுபாடு 81. வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் இந்த எண் வரும். ஆகவே வேகத்தை அளப்பதில் வரும் சிறு பிழைகூட முடிவில் பெரிதாகிவிடும். மைட்ரல் கசிவின் வேகத்தைக் காட்டும் டாப்ளர் கோட்டை வெளியேற்றப் பாதையின் கோடு என்று எடுத்துக்கொள்வது இந்நோயில் அடிக்கடி நேரும் தவறு. கசிவின் கோடு சுருக்கம் தொடங்கும் கணத்திலேயே எழுந்து சமச்சீராக இருக்கும். அடைப்பின் கோடு தாமதமாக உச்சம் தொட்டுக் கட்டாரி வடிவில் முடியும். இந்த நோயாளியிடம் இரண்டையும் தனித்தனியே பதிவு செய்தார்கள்.

தளர்வைப் பற்றிய அளவுகள், நாடித் துடிப்பு 84 இருக்கையில்: ஈ அலை (கீழறை முதலில் நிரம்பும் வேகம்) விநாடிக்கு 70 செமீ, ஏ அலை (மேலறை சுருங்கித் தள்ளும் வேகம்) 88 செமீ, விகிதம் 0.8. வால்வு வளையத்தின் தசை வேகமான ஈ-பிரைம் சராசரி 5 செமீ மட்டுமே. ஈ அலைக்கும் ஈ-பிரைமுக்கும் உள்ள விகிதம் 14. இடது மேலறையின் கொள்ளளவு உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 41 மிலி. நுரையீரல் பக்க அழுத்தத்தைக் காட்டும் டிரைகஸ்பிட் (வலப்பக்க வால்வு) கசிவின் வேகம் 2.6 மீட்டர். அறிக்கை ‘டயஸ்டாலிக் செயலிழப்பு, கிரேடு 1’ என்றது, அதாவது இதயம் தளர்ந்து நிரம்புவதில் லேசான குறை. இதயச் சுமை கூடும்போது ரத்தத்தில் உயரும் என்டி-புரோபிஎன்பி மில்லிலிட்டருக்கு 1,150 பிகோகிராம்.

48 மணி நேரத் தொடர் ஈசிஜிப் பதிவான ஹோல்ட்டரில் கீழறைத் தொடர் துடிப்புகளோ, மேலறை ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோ இல்லை. காந்த அதிர்வுப் படத்தில் (எம்ஆர்ஐ) இடைச்சுவரில் சிறு வடுத் திட்டுகள் மட்டும். திடீர் மரண அபாயம் குறைவு என்று மதிப்பிட்டதால் ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் நிறுத்தும், உள்வைக்கும் டிஃபிப்ரிலேட்டர் பற்றிய பேச்சு எழவில்லை.

முதல் முடிவு: நிறுத்தியதும் தொடங்கியதும்

அம்லோடிபினை நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் கண் இருட்டல் ஏறக்குறைய மறைந்தது. பீட்டா பிளாக்கரைச் சேர்ப்பதற்கு முன் இந்த இடைவெளி விட்டதால், எந்த மாற்றம் எதனால் வந்தது என்பது தெளிவாகத் தெரிந்தது.

அடுத்து மெட்டோபுரோலால் சக்சினேட், நாளுக்கு ஒரு வேளை 25 மிகி. இரண்டு வாரம் கழித்து 50, ஆறாவது வாரத்தில் 100. அடைப்புள்ள இந்நோய்க்கு ரத்தக்குழாயை விரிக்காத பீட்டா பிளாக்கரே முதல் மருந்து. கார்வெடிலால் போல, குழாயை விரிக்கும் ஆல்ஃபா தடுப்பும் சேர்ந்த மருந்துகள் இங்கே பொருந்தாது. கால்சியம் தடுப்பு மருந்தான வெராபமிலையும் யோசித்தார்கள். அது குழாய்களையும் விரிக்கும், அடைப்பு மிக அதிகமாக இருப்பவர்களுக்கும் ரத்த அழுத்தம் தாழ்ந்தவர்களுக்கும் ஆபத்தாகும். முதலில் பீட்டா பிளாக்கரை முயன்று பார்க்கலாம் என்று முடிவானது.

மருந்துக்கடையில் கவனிக்க ஒன்று உண்டு. மெட்டோபுரோலால் டார்ட்ரேட் விரைவாகக் கரைந்து விரைவாக வெளியேறும், நாளுக்கு இரண்டு வேளை வேண்டும். சக்சினேட் மெதுவாகக் கரையும், அதை நசுக்கியோ மென்றோ விழுங்கக் கூடாது. பெயரின் பின்பாதியைப் பார்க்காமல் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால், காலையில் நாடி வெகுவாகத் தாழ்ந்து மாலையில் அடைப்பு திரும்பிவிடும்.

மருந்து உள்ளே செய்வது என்ன

இதயத் தசை தளர்வது தானாக நடப்பதல்ல, ஆற்றல் செலவழித்துச் செய்யும் வேலை. சுருக்கத்தை உண்டாக்கிய கால்சியத்தை செர்கா பம்பு உயிரணுவின் உள்ளறைக்குத் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும், சுருக்கும் இழைகளான மயோசினும் ஆக்டினும் ஒன்றையொன்று விட வேண்டும். தடித்த தசை நோயில் இரண்டிலும் கோளாறு. நுண்ணிழைகள் கால்சியத்துக்கு அளவுக்கு மீறி இணங்குவதால் தளர வேண்டிய நேரத்திலும் சில பிணைப்புகள் விடுபடுவதில்லை. ஆற்றல் வீணாகிறது. நுண்குழாய்கள் குறுகியிருப்பதால் ரத்தமும் போதாமல் போகிறது. வடுவும் இழைகளின் ஒழுங்கின்மையும் சேர்ந்து சுவரை விறைப்பாக்குகின்றன.

நலமான இதயத்தில் அட்ரினலின் சுருக்கத்தைக் கூட்டுவதோடு தளர்வையும் வேகப்படுத்துகிறது. பீட்டா ஏற்பி தூண்டப்பட்டதும் பாஸ்போலாம்பன் என்ற புரதம் பாஸ்பேட் ஏற்று செர்கா பம்பின் மீதுள்ள தடையை விலக்குகிறது. இழைகளிலுள்ள டிரோபோனின்-ஐ என்ற புரதமும் அதேபோல மாறி, இழைகள் கால்சியத்தைச் சீக்கிரம் விட உதவுகிறது. படி ஏறும்போது நாடி கூடியும் இதயம் நிரம்ப நேரம் போதுவது இதனால்தான்.

பீட்டா பிளாக்கர் இந்த வழியை அடைக்கிறது. எனவே உயிரணு அளவில் அது தளர்வை வேகப்படுத்துவதில்லை, சற்று மெதுவாக்கவே செய்யும். ‘பீட்டா பிளாக்கர் இதயத்தைத் தளரச் செய்யும்’ என்று நோயாளிகளிடம் சொல்லப்படுவது பாதி உண்மை. இதயம் நிரம்புவதில் வரும் முன்னேற்றம் மறைமுகமான மூன்று வழிகளில் வருகிறது. நாடி குறைந்து நிரம்பும் நேரம் நீள்கிறது. சுருக்கத்தின் வேகம் தணிந்து வால்வு இதழ் இழுபடுவது குறைவதால் அடைப்பு தளர்கிறது, கீழறை தாங்கும் சுமையும் குறைகிறது. சுமையோடு சுருங்கும் தசை தாமதமாகவே தளரும் என்பதால் இது தளர்வுக்கும் உதவி. மூன்றாவது, இதயச் சுவரின் உள்ளடுக்குக்கு ரத்தம் பெரும்பாலும் டயஸ்டோலில், அதாவது இதயம் தளர்ந்து நிரம்பும் நேரத்தில்தான் பாய்கிறது. அந்த நேரம் நீண்டால் ரத்தப் பற்றாக்குறையும், அதனால் வரும் தளர்வுக் குறைவும் தணியும்.

நேரத்தின் கணக்கைப் பார்க்கலாம். நாடி 84 என்றால் ஒரு துடிப்பின் சுற்று சுமார் 710 மில்லிவிநாடி. சுருக்கத்துக்கு 320 போனால் நிரம்ப 390 மிஞ்சும். நாடி 62 ஆனால் சுற்று 970, சுருக்கமும் சற்று நீள்வதால் நிரம்பும் நேரம் சுமார் 600. இது கண்கூடான ஆதாயம். நாடி 49 ஆனால் நிரம்பும் நேரம் 850ஐத் தொடும். ஆனால் விறைத்த கீழறை ஓரளவுக்கு மேல் கொள்ளாது. ஆரம்ப நிரம்பலும் முடிந்து, மேலறை சுருங்கும் முறை வரும்வரை உள்ள இடைவேளை நீள்வதால் கூடுதலாக உள்ளே வரும் ரத்தம் கொஞ்சம். கீழறையின் அழுத்தம் மட்டும் ஏறுகிறது.

1980களின் தொடக்கத்தில் கதிரியக்க அணுக்களைக் கொண்டு நிரம்பும் வேகத்தை அளந்த ஆய்வுகளிலும் இந்த வேறுபாடு தெரிந்தது. வெராபமில் உச்ச நிரம்பல் வேகத்தைக் கூட்டியது, பீட்டா பிளாக்கரான புரோப்ரனலால் கூட்டவில்லை. 2021இல் வெளிவந்த டெம்போ ஆய்வில் அடைப்புள்ள 29 பேருக்கு மெட்டோபுரோலாலையும் போலி மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அழுத்த வேறுபாடும் தொந்தரவும் குறைந்தன, உடலின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு கூடவில்லை.

100 மிகி அளவில்

நாடி 62. ஓய்வில் அழுத்த வேறுபாடு 14, முக்கும்போது 46. வால்வுக் கசிவு லேசானது. நோயாளி இரண்டாம் மாடிவரை ஒருமுறை நின்று ஏறினார். நெஞ்சழுத்தம் போய்விட்டது. என்டி-புரோபிஎன்பி 980.

எக்கோவில் ஈ அலை 85, ஏ அலை 70, விகிதம் 1.2. ஈ-பிரைம் அதே 5. ஈ அலைக்கும் ஈ-பிரைமுக்கும் உள்ள விகிதம் 17. மேலறை 42 மிலி. அறிக்கை இம்முறை ‘கிரேடு 2’ என்றது.

நோயாளி நலமடைந்திருக்க, அறிக்கை மோசமாகிவிட்டதாகச் சொன்னது. நாடி வேகமாக இருக்கையில் ஈ அலை இறங்கி முடிவதற்குள் ஏ அலை அதன் மேல் ஏறிக்கொள்வதால் ஏ அலை பெரிதாகத் தெரியும். நாடி குறைந்தால் இரண்டும் பிரிகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் ஆரம்பத்திலேயே அதிக ரத்தம் வருவதால் ஈ அலை உயர்கிறது. தசையின் வேகமோ அப்படியே இருக்கிறது. ஆக விகிதம் மாறியதற்குக் காரணம் நாடி. டிரைகஸ்பிட் கசிவு வேகம் 2.7 மீட்டரில் நின்றதும், என்டி-புரோபிஎன்பி குறைந்ததும் அழுத்தம் ஏறவில்லை என்பதற்குச் சான்று. இந்நோயில் ஈ அலைக்கும் ஈ-பிரைமுக்கும் உள்ள விகிதம் உள்ளழுத்தத்தோடு சுமாராகத்தான் ஒத்துப்போகும். அதைத் தனியே வைத்து முடிவெடுப்பது சரியல்ல.

200 மிகிக்கு உயர்த்தியது

அழுத்த வேறுபாடு 50ஐ ஒட்டியே இருந்ததும், கிரேடு உயர்ந்ததும் அளவைக் கூட்டக் காரணங்களாகக் குறிக்கப்பட்டன. முதல் காரணத்தில் நியாயம் உண்டு. இரண்டாவது காரணத்துக்கு மருந்தியல் அடிப்படை இல்லை, ஏனெனில் கிரேடைக் குறைக்கும் வேலையை பீட்டா பிளாக்கர் செய்வதில்லை. நான்கு வாரத்தில் 150 வழியாக 200 மிகி எட்டினார்கள். அதற்கு முன் டிரெட்மில் சோதனை நடக்கவில்லை.

தொந்தரவு திரும்பியது

ஏழு வாரம் கழித்து நோயாளி சொன்னது: “படியில நெஞ்சு அடைக்கல மேடம், மூச்சும் பழைய மாதிரி இல்ல. ஆனா உடம்பு ஏறமாட்டேங்குது. பாதிப் படியில கால் ரெண்டும் கனத்துப் போகுது.” மதியத்தில் தூக்கம், விடிகாலையில் சோர்வு. முதலாம் மாடியில் மீண்டும் நின்றார்.

இந்தச் சொற்கள் முக்கியமானவை. அடைப்பினால் வரும் தொந்தரவில் நெஞ்சழுத்தமும் கண் இருட்டலும் முன்னே நிற்கும், சாப்பாட்டுக்குப் பிறகு கூடும். இம்முறை இரண்டும் இல்லை.

நாடி 50. ரத்த அழுத்தம் 118/74. முக்கும்போது அழுத்த வேறுபாடு 34. ஈ அலை 92, ஏ அலை 58, ஈ-பிரைம் 4.8, விகிதம் 19. இரண்டு அலைகளுக்கும் நடுவே விநாடிக்கு 30 செமீ உயரத்தில் மூன்றாவது ஓர் அலை. இது எல் அலை. தளர்வு மிகத் தாமதமாகி, மேலறை அழுத்தமும் ஏறி, நாடியும் மெதுவாக இருக்கும்போது டயஸ்டோலின் நடுவிலும் ரத்தம் வந்துகொண்டிருப்பதன் அடையாளம். மேலறை 46 மிலி. டிரைகஸ்பிட் கசிவு 3 மீட்டர். என்டி-புரோபிஎன்பி 1,640.

வேறு காரணங்களையும் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 12.1, தைராய்டு இயல்பு, நெஞ்சில் இழுப்பு இல்லை. ஹோல்ட்டரில் சைனஸ் தாளம்தான், தூக்கத்தில் மிகக் குறைந்த நாடி 38, கடத்தல் தடை இல்லை. மெட்டோபுரோலாலை உடைக்கும் சிஒய்பி2டி6 என்ற ஈரல் நொதியைத் தடுக்கும் மருந்துகள் உண்டா என்றும் கேட்டார்கள். ஃபுளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின், சில சளி மாத்திரைகளில் உள்ள டைஃபென்ஹைட்ரமின் போன்றவை ரத்தத்தில் மெட்டோபுரோலால் அளவை உயர்த்திவிடும். இவர் எதையும் எடுக்கவில்லை.

டிரெட்மில் சோதனைதான் முடிவாகப் பேசியது. 4 நிமிடம் 40 விநாடியில் கால் தளர்ந்து நிறுத்தினார். நாடி 50இலிருந்து 92 வரை மட்டுமே ஏறியது. வயதுப்படி எதிர்பார்க்கும் உச்சம் 175. ஏற வேண்டிய 125 துடிப்புகளில் 42தான் ஏறின, அதாவது மூன்றில் ஒரு பங்கு. இறங்கியதும் அளந்த அழுத்த வேறுபாடு 30. அடைப்பு இம்முறை காரணமல்ல, நாடிதான் ஏறவில்லை.

விறைத்த கீழறை ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தத்தை அதிகம் கூட்டிக்கொள்ள முடியாது. 70 மிலி என்று வைத்துக்கொண்டால் 92 துடிப்பில் நிமிடத்துக்கு 6.4 லிட்டர். அதே இதயம் 118 துடிப்பில் 8.3 லிட்டர் தரும். படி ஏறத் தேவையான கூடுதல் ரத்தம் இவருக்கு நாடியின் வழியாகத்தான் வர முடியும்.

குறைத்த முறையும் விளைவும்

பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தினால், அதுவரை தடுக்கப்பட்டிருந்த ஏற்பிகள் அட்ரினலினுக்கு அதிகமாக எதிர்வினை காட்டும். இந்நோயில் அடைப்பும் படபடப்பும் ஒரே நாளில் திரும்பக்கூடும். ஆகவே 200இலிருந்து 150, பத்து நாள் கழித்து 100. இடையில் நெஞ்சழுத்தமோ கண் இருட்டலோ வந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். வரவில்லை.

ஆறு வாரத்தில் நாடி 60, ரத்த அழுத்தம் 128/78. டிரெட்மில்லில் 7 நிமிடம் 30 விநாடி, உச்ச நாடி 118. இறங்கியதும் வேகம் 3.5 மீட்டர், அழுத்த வேறுபாடு 49. எல் அலை மறைந்தது. மேலறை 43, என்டி-புரோபிஎன்பி 1,020. ஈ-பிரைம் மட்டும் 5. எல்லா அளவுகளும் ஏறி இறங்கிய இந்தக் காலம் முழுக்க அது ஏறக்குறைய அசையவில்லை. தசையின் தளர்வு வேகம் மருந்தின் எந்த அளவிலும் மாறவில்லை என்பதை இந்த நிகழ்வில் வேறெந்த எண்ணும் இவ்வளவு நேரடியாகக் காட்டவில்லை.

100 மிகியில் டிரெட்மில்லிலிருந்து இறங்கியதும் அளந்த அழுத்த வேறுபாடு 30இலிருந்து 49க்கு ஏறியதை ஏற்றுக்கொண்டது தெரிந்தே எடுத்த முடிவு. நோயாளி இரண்டாம் மாடிக்கு நிற்காமல் ஏறினார், வேலைக்கு முழுநேரம் போனார். 19 மிமீ கூடுதல் அழுத்த வேறுபாட்டுக்கு ஈடாக இது கிடைத்தது.

எட்டு மாதத்தில் ஒரு கோடை நாளில் வயிற்றுப்போக்குக்குப் பிறகு கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். நீரிழப்பால் கீழறை சுருங்கி அடைப்பு கூடியிருந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசலும் கால்களை உயர்த்திப் படுக்க வைப்பதும் போதுமானதாக இருந்தது. அதற்காக மாத்திரை அளவைக் கூட்டவில்லை. இவருடைய இரு பிள்ளைகளுக்கும் ஈசிஜியும் எக்கோவும் எடுத்தார்கள். இப்போதைக்குத் தடிப்பு இல்லை, ஆனால் ஒருமுறை இயல்பு என்பதோடு முடியாது, மறுபரிசோதனை தொடரும்.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

அளவைக் கூட்டும் முன் டிரெட்மில் சோதனை வேண்டும். 100 மிகியிலேயே அதைச் செய்திருந்தால், உழைப்பின்போது அடைப்பு எவ்வளவு, நாடி எவ்வளவு ஏறுகிறது என்ற இரண்டு எண்களும் கையில் இருந்திருக்கும். 200க்குப் போக வேண்டிய தேவை எழுந்திருக்காது.

எக்கோ அறிக்கையில் தளர்வு அளவுகளுக்கு அருகிலேயே நாடித் துடிப்பை எழுத வேண்டும். கடைசி மாத்திரை எப்போது எடுத்தார், சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதும் வேண்டும். 84 துடிப்பில் எடுத்த ஈ-ஏ விகிதத்தை 62 துடிப்பில் எடுத்ததோடு ஒப்பிட்டு முன்னேற்றம் என்றோ சரிவு என்றோ எழுதக் கூடாது. மைட்ரல் கசிவு மிதமாகவோ அதற்கு மேலோ இருந்தால், டிரைகஸ்பிட் கசிவின் வேகத்தையும் நுரையீரல் சிரையில் திரும்பிப் பாயும் அலையின் நேரத்தையும் நம்பலாம். ஈ-பிரைம் விகிதத்துக்கு அங்கே எடை குறைவு.

மருந்தின் இலக்கை நோயாளியின் வேலையை வைத்து முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும்: எத்தனை மாடி, எவ்வளவு எடை, சாப்பாட்டுக்குப் பின் என்ன ஆகிறது. டயஸ்டாலிக் கிரேடை பீட்டா பிளாக்கரின் இலக்காக வைக்கக் கூடாது. அடைப்பே இல்லாத தடிப்பு நோயில் இந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும். அங்கே அடைப்பு தளர்வதால் வரும் ஆதாயம் கிடையாது, நாடியைக் குறைப்பதும் நெஞ்சுவலியைத் தணிப்பதும் மட்டுமே மிஞ்சும்.

தாங்கக்கூடிய அளவில் மருந்து எடுத்தும் தொந்தரவு திரும்பி, உழைப்பில் அழுத்த வேறுபாடு 50க்கு மேல் போனால், மெட்டோபுரோலாலை மறுபடி 200க்கு ஏற்றுவது இவருக்கான வழி அல்ல என்று கோப்பில் குறிக்கப்பட்டுள்ளது. அப்போது பேச வேண்டியவை, இடைச்சுவரின் தடித்த பகுதியை அறுவையால் குறைப்பதும் மயோசின் தடுப்பு மருந்துகளும். மயோசின் தடுப்பான்கள் விடாத பிணைப்புகளின் எண்ணிக்கையையே குறைப்பதால் தளர்வின் மீது நேரடியாக வேலை செய்கின்றன. மாவாகாம்டனுக்கு அமெரிக்காவில் 2022இல் அனுமதி கிடைத்தது. அடைப்புள்ள நோயாளிகளிடம் அது மேலறைக் கொள்ளளவையும் ஈ-பிரைம் விகிதத்தையும் குறைத்தது. 2025இல் வெளிவந்த மேப்பிள் ஆய்வில் அஃபிகாம்டனையும் மெட்டோபுரோலாலையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, உச்ச ஆக்சிஜன் பயன்பாடு முதல் மருந்தில் கூடியது, மெட்டோபுரோலாலில் குறைந்தது. அடைப்பில்லாத நோயில் மாவாகாம்டன் அதே ஆண்டில் தன் முதன்மை இலக்குகளை எட்டவில்லை. இம்மருந்துகள் சுருக்கத்தையும் தணிப்பதால், வெளியேற்ற விகிதத்தை எக்கோவில் தொடர்ந்து பார்க்க வேண்டும். அது 50 சதவீதத்துக்குக் கீழ் போனால் மருந்தை இடைநிறுத்த வேண்டும்.